ஒரு கையால் திறக்க வேண்டியது

கண்மாய்க்குள் அன்றைக்கு நாலு பேர் இருந்தோம். நான், என் அத்தை மகனான மச்சான், நான் வேலை பார்க்கிற லேத் பட்டறையின் முதலாளி அண்ணன், அப்புறம் கரி மூட்டம் போடுவதற்காகச் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பெரியவர் எங்களோடு வந்தவர் இல்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நின்றவர் அவர்தான், அதனால் அவரையும் சேர்த்தே நாலு. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், மச்சானுக்குக் கடற்கரையில் பயிற்சி கொடுக்கிற கோச். அவர் இருந்திருந்தால் அந்தக் காற்றில் கைட்டைப் பையை விட்டே எடுக்க விட்டிருக்க மாட்டார். இன்னொருத்தி என் அக்கா. தல்லாகுளத்தில் வக்கீல் கவுன் தைக்கிறவள். திங்கட்கிழமை கோர்ட்டுக்கு ஆறு கவுன் பாக்கி என்று வரவில்லை. வராத கணக்கில் ஒரு கத்தியையும் சேர்க்க வேண்டும். கொக்கி மாதிரி வளைந்த, விரல் நீளக் கத்தி. ஆபத்தென்றால் நூலை அறுப்பதற்கு. மச்சானின் இடுப்புப் பட்டையில் அதற்கென்றே ஒரு சின்னப் பை உண்டு. பை வந்திருந்தது. கத்தியை, பால் பாக்கெட் வெட்ட வாகாக இருக்கிறதென்று அத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டாள்.

கைட் என்றதும் மொட்டை மாடியில் விடுகிற காத்தாடியை நினைத்துவிட வேண்டாம். விரித்துப் போட்டால் ஒரு ஆட்டோவை மூடிவிடலாம், அவ்வளவு துணி. அதிலிருந்து நாலு நூல் இறங்கி ஆளின் இடுப்பில் வந்து மாட்டும். காலடியில் பலகை. ரேஸ் பலகைக்கு அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பமும் அதன் முனையில் மீன் துடுப்பு மாதிரி ஒரு இறக்கையும் இருக்கும். வேகம் கூடக் கூட பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும்; இறக்கை மட்டும்தான் கடலுக்குள். மச்சான் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. செல்போனில் வீடியோ காட்டினான். தண்ணீரில் படாமல் ஒருத்தன் கடல்மேல் போய்க்கொண்டிருந்தான்.

"சத்தமே வராது மாப்ள. விசில் அடிச்ச மாதிரி ஒரு சத்தம் மட்டும்" என்றான். பிறகு பேன்ட்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினான். "இது அந்த இறக்கை கிழிச்சது. வேகத்துக்காக அதை அம்புட்டு மெலிசாச் செய்றாங்ஞ. அருவாமனை மேல நின்னு போற மாதிரின்னு வச்சுக்கயேன்."

"பெறகு ஏன்டா போற?"

"வேகத்துக்குத்தான்."

மச்சான் எனக்கு ஒரு வயது மூத்தவன். பத்தாவது பெயிலானதும் கடற்கரையில் ஒரு விடுதிக்குப் பரோட்டா போடப் போனான். அங்கே வந்து கைட் விடுகிறவர்களுக்கு முதலில் துணியை மடித்துக் கொடுத்தான், பிறகு காற்றில் பிடித்துக் கொடுத்தான், நாலு வருஷத்தில் அவனே பலகை ஏறிவிட்டான். இப்போது விடியற்காலையில் பரோட்டா மாவு பிசைவதும் பகலில் பயிற்சியும். அந்த ஆடியில் ஊர் முளைப்பாரிக்கு ஒரு வாரம் லீவில் வந்திருந்தான். இன்னும் ஆறு வாரத்தில் அவனுக்கு ஒரு ரேஸ். நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. அதில் முதல் பத்துக்குள் வந்தால் கோச் அவனைப் பயிற்சியாளனாகவே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மாவு பிசைகிற வேலையிலிருந்து அவனுக்கு வெளியேற இருந்த ஒரே வழி அது.

நானோ, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். பாலிடெக்னிக்கும் முடித்தேன். அதனால் வீட்டுக்கு வருகிற ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டை, மிக்ஸி வாரன்டி, பேங்க் நோட்டீஸ். புரியாததையும் புரிந்த மாதிரிப் படித்துச் சொல்லிப் பழகிவிட்டேன். முதல் ஆளாகப் படித்தவனுக்கு வருகிற வியாதி அது.

வந்த அன்றே மச்சான் பையிலிருந்து கைக்கடக்கமான ஒரு சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "இதுக்குப் பேரு ரிலீஸ்."

அவன் இடுப்பிலிருக்கும் கொக்கியில் ஒரு வளையம் மாட்டுகிறது. கைட்டின் இழுப்பு முழுக்க அந்த வளையத்தின் வழியாகத்தான் வரும். வளையத்தின் ஒரு முனை திறக்கக்கூடியது. அதை ஒரு சின்ன எஃகு நாக்கு பிடித்துக்கொண்டிருக்கும். நாக்கு நழுவாமல் அதன்மேல் ஒரு உறை போர்த்தியிருக்கும். உறையை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் நாக்கு விடுபடும், வளையம் திறக்கும், ஆள் தனி, கைட் தனி. ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தாலும் அது திறக்க வேண்டும்.

"ஓடிட்டிருக்கும்போது தானாத் தொறந்துக்கிட்டா?" என்று கேட்டேன்.

"ரேஸு போச்சு. பக்கத்துல வாரவன் மேல என் கைட்டு விழுகும். அவன் நூலும் என் நூலும் சிக்கும். நூலு என்னா, கம்பி மாதிரி அறுக்கும்."

"அப்ப தானாத் தொறக்கவே கூடாது. தொறக்கணும்னா தொறக்காம இருக்கவும் கூடாது."

"ஆமா."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே சாமான் இரும்புப் பூட்டாகவும் இருக்க வேண்டும், தொட்டால் விழுகிறதாகவும் இருக்க வேண்டும். இதை யோசித்தவன் யார், எப்படி யோசித்தான் என்று தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டறையில் எனக்கு வருகிற வேலையெல்லாம் ஒன்று இறுக்குவதாக இருக்கும், இல்லை சுழல்வதாக இருக்கும். விடுவதற்கென்றே செய்த ஒரு சாமானை நான் பார்த்ததில்லை.

அவனுடையதில் மேல் உறை விரிசல் விட்டிருந்தது. உள்ளே உறை ஓடுகிற உருளையும் தேய்ந்திருந்தது. புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். "உன் பட்டறைல கடைஞ்சு தர முடியுமா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

பட்டறை நாகமலை புதுக்கோட்டையில் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. பக்கத்தில் பல்கலைக்கழகம் என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷ புராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சூரிய ஒளியில் ஓடும் நாற்று நடவு மிஷின், கண் சிமிட்டும் குப்பைத் தொட்டி. முதலாளி அண்ணன் எதையும் என்ன ஏது என்று கேட்கிற பழக்கத்தை எப்போதோ விட்டிருந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்ததும், "புராஜெக்ட்டா?" என்றார்.

"இல்லண்ணே, மச்சானுக்கு. கடல்ல காத்தாடி விடுறான்ல, அதுக்கு."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

பழைய உறையை உருளையில் போட்டு ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. தேய்ந்தது போக, செய்யும்போதே லூசாகத்தான் செய்திருக்கிறான். இம்புட்டு விலை வாங்குகிறவன் இப்படியா செய்வான் என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. எங்கள் பட்டறையில் வேலை சுத்தம் என்றால், ராடை ஓட்டைக்குள் விட்டு இழுத்தால் பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வர வேண்டும். நடுவில் தலைமுடி போகக் கூடாது. அண்ணன் பேரே அப்படித்தான் எடுத்தார். நானும் அப்படியே செய்தேன். உள் உருளைக்கு வெள்ளை நைலான் ராடு, மேல் உறைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைசிப் பிசிறை எடுத்துவிட்டு உறையை இழுத்தேன். சத்தம் வந்தது. அண்ணனே திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் மச்சான் முன்னால் அதைச் சுமை தூக்குகிற செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, கீழே இரண்டு மணல் மூட்டையைக் கட்டினேன். மச்சான் ஒரு கையால் தள்ளினான். மூட்டை தொப்பென்று விழுந்தது. பத்து தடவை செய்தோம். பத்து தடவையும் விழுந்தது.

"மாப்ள, கடைஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்றான்.

"கடைஞ்சுதானடா வச்சேன்."

மறுநாள் வெள்ளி. எங்கள் பட்டறையில் வெள்ளிக்கிழமை மெஷினெல்லாம் துடைத்து, லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சூடம் காட்டுவோம். அது எல்லாப் பட்டறையிலும் உண்டு. எங்கள் அண்ணனிடம் கூடுதலாக ஒரு பழக்கம். வெளியே போகிற உருப்படி எதுவானாலும் அதற்கும் ஒரு பொட்டு. பம்புக்குள் தண்டைத் தாங்குகிற புஷ்ஷானாலும் சரி, மோட்டார் ஷாஃப்ட்டானாலும் சரி, மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார். வாடிக்கையாளர்களுக்கும் அது பிடிக்கும், பொட்டு இல்லாமல் கொடுத்தால் "என்னண்ணே, வேற கடைல செஞ்சீகளா?" என்பார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் கடைசியாக என் ரிலீஸ் இருந்தது. உறைக்கும் உருளைக்கும் இடையில் கோடு மாதிரி ஒரு விளிம்பு தெரியும். சந்தனம் சரியாக அந்த விளிம்பில் விழுந்தது. நான் பார்த்தேன். துடைக்கத் தோன்றவில்லை. வைத்த பொட்டை எப்படித் துடைப்பது என்பது ஒன்று. நானே யோசித்துச் செய்த முதல் உருப்படி, அது பொட்டோடு இருப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது என்பது இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு தடவை காற்றில் மாட்டிப் பார்த்துவிடலாம் என்று மச்சான் சொன்னான். சோழவந்தான் ரோட்டுக்குத் தெற்கே ஒரு கண்மாய் வறண்டு கிடந்தது. மட்டமான பெரிய தரை, ஒரு கோடியில் மட்டும் கருவேலம். பலகை கிடையாது, பழைய சின்னக் கைட், தரையில் நின்றே தூக்கிப் பார்த்து இறக்கிவிடுவது. அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தார். பதினொரு மணி இருக்கும். ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

அந்த ரிலீஸோடு முதலில் வந்த விளக்கத் தாளை நான் மச்சானுக்குப் படித்துச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் இழுப்போடு திறந்து பார்க்கவும் என்று அதில் இருந்தது. இழுப்போடு என்ற வார்த்தையை நான் அழுத்திச் சொல்லவில்லை. மச்சான் கொக்கியில் மாட்டும் முன் கையிலேயே வைத்து உறையைத் தள்ளிப் பார்த்தான். கொஞ்சம் கரகரவென்று போய்த் திறந்தது.

"லேசா டைட்டா இருக்கு."

"புதுசுல்ல. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

கைட் எழும்பியது. நான் அவன் இடுப்புப் பட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நிமிஷம் அழகாக நின்றது. அண்ணன் செல்போனில் படம் எடுத்தார். திடீரென்று மேற்கேயிருந்து காற்று ஒரு அடி அடித்தது. பட்டை என் கையை விட்டுப் போனதுதான் தெரியும். மச்சான் ஓடுகிற மாதிரி இருந்தது, பிறகு ஓடவில்லை, வயிறு தரையில் உரசப் போய்க்கொண்டிருந்தான். "தட்டிவிடுறா! தட்டிவிடுறா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். புழுதியில் அவன் கை தெரியவில்லை. கருவேல மரங்கள் மேல் கைட் போய் விழுந்து, கிழிந்து, பாதித் துணி இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டு அவனை முள்ளுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அவன் தோள் கரைக் கல்லில் மோதி நின்றிருந்தது.

நான் போய் உறையைத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். பின்னால் அருவாளோடு ஓடிவந்த பெரியவர், "தள்ளுப்பா அங்கிட்டு" என்று என்னை விலக்கிவிட்டு, நூல்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டு. துணி சரிந்தது. அவர் மச்சானைப் பார்த்தார், கைட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஆடிக் காத்துல ஆளக் கட்டியா பறக்க விடுவீக? கோட்டி புடிச்சவங்ஞளா."

மச்சானுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டிவிட்டு ஆறு வாரம் என்றார்கள். ரேஸும் ஆறு வாரம்தான். சாயங்காலம் அவனே கோச்சுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் மடியில் வைத்தான். கோச் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ ரிலீஸ் பண்ணலையா, பண்ண முடியலையா?"

"தள்ளுனேன்னு நெனைக்கிறேன் சார்" என்றான் மச்சான்.

"நெனைக்கிறியா?"

"தெரியல சார்."

எலும்பு சேர்வதற்காகக் காத்திருக்கலாம் என்று கோச் நிதானமாகச் சொன்னார். ஆனால் பயத்தில் உறைந்து போகிறவனை மற்ற ஆட்களோடு ஸ்டார்ட் கோட்டில் நிறுத்த முடியாது. அவனால் அவனுக்கு மட்டும் ஆபத்தில்லை. பயிற்சியாளன் வேலையைப் பற்றியும் இனிப் பேச்சில்லை. வைத்துவிட்டார்.

"கை அங்க போச்சு மாப்ள" என்று மச்சான் சொன்னான். "போன மாதிரிதான் இருக்கு. தள்ளுனனா?"

அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இது தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். சாட்சி சொல்ல அந்தச் சாமானே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவன் இடுப்புப் பட்டையைக் கழற்றியபோதே ரிலீஸை மூடியபடியே துண்டில் சுற்றி எடுத்து வைத்திருந்தேன். யாரையும் தொடவிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் அதை அப்படியே செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அதே இரண்டு மூட்டையைக் கட்டினேன். ஒரு கையால் தள்ளினேன். இல்லை. இரண்டு கை. இல்லை. அண்ணன் வந்து தள்ளிப் பார்த்தார். அவர் கை என் கையைப் போல இரண்டு மடங்கு. இல்லை. கடைசியில் மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். மூட்டை விழுந்தது. மேசையில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் கொட்டியது.

அண்ணன் விரலால் தொட்டு முகர்ந்தார். சந்தனம். நேரே டீக்கடைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, "நான் வச்சது" என்றார்.

"நான் துடைக்கலண்ணே."

"நான் வச்சதுடா" என்றார் மறுபடியும். அன்றிலிருந்து அவர் லேத்தைத் தொடவில்லை.

உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது நடந்தது விளங்கியது. சந்தனம் காய்ந்து விளிம்பில் ஒட்டியிருக்கிறது. மச்சான் கையில் வைத்துத் தள்ளிப் பார்த்தானே, அந்தத் தள்ளலில் அது உடைந்து துகளாக உள்ளே போயிருக்கிறது. பிறகு இழுப்பு வந்ததும் துகளெல்லாம் உருளைக்கும் உறைக்கும் நடுவில் இறுகிவிட்டது. சோதித்துப் பார்த்ததே உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் பெட்ரோல் போட்டுக் கழுவி மாட்டினேன். திறந்தது. பத்துக்குப் பத்து. அப்பாடா என்றிருந்தது. தப்பு பொட்டில்தான், என் வேலையில் இல்லை. அந்த அப்பாடாவை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். தல்லாகுளத்தில் அவள் தையல் கடை ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நோட்டரி வக்கீல் பெஞ்சுக்கும் நடுவில் இருக்கிறது. கிழிந்த கைட்டைத் தைக்க முடியுமா பார் என்று மச்சானும் ஒரு கையோடு வந்திருந்தான். அவள் கறுப்புத் துணியைத் தள்ளிவிட்டு ரிலீஸை வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"இம்புட்டு இறுக்கமா ஏன்டா செஞ்ச?"

"அதான் வேலை சுத்தம்."

"நான் இப்பிடிக் கவுன் தைச்சா எந்த வக்கீலு கையத் தூக்கி வாதாடுறது? அக்குள்ள ரெண்டு விரல் விட்டுத்தான் தைப்பேன். லூசா இருக்குன்னு ஒரு ஆளும் திருப்பிக் கொண்டாந்ததில்ல."

"துணி வேற, இரும்பு வேறக்கா."

"ஆமாமா. நீ படிச்சவன்." அவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "ஏங்க கொழுந்தனாரே, முள்ளுல உருண்டீகளே, ஒரு பக்கமா உருளக் கூடாதா? துணி முப்பத்தஞ்சு எடத்துல கிழிஞ்சிருக்கு."

"அடுத்த தடவ உங்களக் கேட்டுட்டு உருளுறேன் மதினி." பிறகு சிரிப்பில்லாமல் என்னிடம் கேட்டான். "மாப்ள, சந்தனம் சரி. கடல்ல சந்தனம் இருக்காது. மணல் இருக்கும், உப்பு இருக்கும். அதுல போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து, கழுவின ரிலீஸை அதில் போட்டேன். மணல் கூடப் போடவில்லை. மூன்றாவது நாள் எடுத்துத் தொங்கவிட்டேன். மச்சான் பக்கத்தில் நின்றான். ஒரு கையால் தள்ளினேன். நகரவில்லை. இரண்டு கை. பாதி வரை வந்து நின்றது. பொட்டு இல்லை, தூசி இல்லை. சுத்தமான சாமான், சுத்தமான தண்ணீர், திறக்கவில்லை.

உருளையை எப்படியோ வெளியே எடுத்து வெர்னியர் வைத்தேன். பருத்திருந்தது. முடி போகாத இடத்தில் அது எவ்வளவு பருக்க வேண்டும்?

அண்ணன் மேசையை விட்டு எழுந்து வந்தார். வாளியைப் பார்த்தார். "தண்ணிக்குள்ள ஏன்டா போட்ட?"

"இது தண்ணிக்குள்ள போறதுதானண்ணே."

"என்னாது?"

"கடல்ல காத்தாடி விடுறான்னு அன்னைக்கே சொன்னனேண்ணே."

"காத்தாடி மேலதானடா பறக்கும்!" என்று அண்ணன் கத்தினார். "தண்ணிக்குள்ள போற சாமான்னு ஒரு வார்த்த சொன்னியா? நைலான் தண்ணி குடிச்சா ஊதும்டா! இருபது வருசமா பம்புக்கு நைலான் புஷ்ஷு கடையுறேன், எடம் விட்டுல்ல கடையுறேன்! பாலிடெக்னிக்ல என்னதான்டா சொல்லிக் குடுத்தாங்ஞ?"

சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு அட்டவணையே உண்டு, எந்தப் பொருள் எவ்வளவு ஈரம் இழுக்கும் என்று. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த அட்டவணையும் என் கையிலிருந்த வெள்ளை உருளையும் ஒன்றென்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வெளிநாட்டுக்காரன் அரை மில்லி இடைவெளியைச் சோம்பேறித்தனத்தால் விடவில்லை. மணலுக்கும் உப்புக்கும் ஊதலுக்கும், நடுங்குகிற ஒரு கைக்கும் சேர்த்து விட்டிருக்கிறான். கடகடவென்று ஆடியதே, அந்த ஆட்டத்தைத்தான் அவன் வடிவமைத்திருக்கிறான். நான் அதை அடைத்துவிட்டேன்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்ப நான் உறையல" என்றான். "தள்ளியிருக்கேன். தள்ளியும் வரல."

"ஆமா."

"பொட்டு வைக்கலைன்னா கண்மாய்ல ஒழுங்காத் தொறந்திருக்கும். நானும் பரவால்லன்னு கடலுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்." அந்த வெள்ளை உருளையைக் கையில் வாங்கினான். "மூணாம் நாள் நடுக்கடல்ல மாட்டியிருப்பேன்."

அன்று மத்தியானம் அண்ணன் மறுபடி லேத்துக்குப் போனார். அடுத்த வெள்ளியிலிருந்து உருப்படிக்குப் பொட்டு கிடையாது, அட்டைப் பெட்டிக்குத்தான்.

கோச்சுக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னபோது மச்சான் தயங்கினான். "உன் வேலைதான் தப்புன்னு ஊருக்கே தெரியும் மாப்ள. பரவால்லயா?" பரவாயில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு முதலிலிருந்து செய்தேன். காய்ந்த சாமான், மூட்டை, ஒரு கை, திறக்கிறது. வாளியில் கிடந்த சாமான், அதே மூட்டை, ஒரு கை, இரண்டு கை, திறக்கவில்லை. வெர்னியரின் அளவுக் கோட்டைக் கிட்டத்தில் காட்டினேன். கடைசியில் என் முகத்தைக் காட்டி, இதைச் செய்தது நான்தான், உள்ளே இடம் விடாமல் செய்தேன் என்று சொன்னேன். நடுவில் இரண்டு தடவை வார்த்தை மாறிப் போனது. மறுபடி எடுக்கலாமா என்றேன். அப்படியே இருக்கட்டும் என்றான் மச்சான்.

மறுநாள் கோச் கூப்பிட்டார்.

"தம்பி, வீடியோ பாத்தேன். அவன் உறையல. சரி, அது எனக்குப் போதும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஆனா கடைஞ்ச சாமான் எதுவும் என் கடற்கரைக்குள்ள வரக் கூடாது. ஒரிஜினல் வாங்கி, அதை இழுப்போட திறந்து காட்டினாத்தான் தண்ணில இறங்கலாம். இந்த ரேஸ் இல்ல. அடுத்த சீசன் அவன் பேரு இருக்கும். எலும்பு கூடினதும் வரச் சொல்லு. மாவு பிசைய இல்ல, சின்னப் பசங்களுக்குக் கைட் தூக்கச் சொல்லித்தர" என்றார். நான் ஸ்பீக்கரில் வைக்கவில்லை. ஆனாலும் மச்சான் என் முகத்தைப் பார்த்தே எழுந்து நின்றுவிட்டான்.

"இழுப்போட" என்ற அந்த வார்த்தையை நான் அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

புது ரிலீஸை வாங்கப் பணம் சேர்க்கும்போது அண்ணன் தானும் ஒரு பங்கு என்றார். வேண்டாமென்றால் கேட்கவில்லை. "பட்டறைல இருந்து போனது, என் கையும் பட்டது" என்றார். அக்கா தையலுக்குக் கூலி வாங்கவில்லை, துணிக்கும் நூலுக்கும் மட்டும் எழுதிக் கொடுத்தாள். எக்ஸ்ரே, டாக்டர், கட்டு எல்லாம் பதினொன்றாயிரத்து முந்நூறு. ஒரிஜினல் ரிலீஸ் பதினாலாயிரத்து ஐந்நூறு. கைட் துணியும் வெட்டுப்பட்ட நாலு நூலும் ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஓடாத ரேஸுக்குக் கட்டின நாலாயிரம் திரும்பி வராது. நான், மச்சான், அண்ணன் மூன்று பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டோம். மொத்தம் முப்பத்தாறாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.